கூடம் கோணல்

எனக்குக் கோபம் வந்தால் பழமொழி வரும். சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை வரும், எனக்கு இது. அம்மாவிடமிருந்து தொற்றியது. பருப்பு அவர் கையால் தீய்ந்தால் அடுப்பைத் திட்ட ஒரு பழமொழி, என் கையால் தீய்ந்தால் என்னைத் திட்ட இன்னொரு பழமொழி என்று தனித்தனியாக வைத்திருப்பார். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என்னை நாடகத்துக்குப் பொறுப்பாகப் போட்டதற்கும் என் வாய்தான் காரணம், எழுத்து இல்லை. நுண்கலை மன்றத்தைப் பார்த்துக்கொண்ட சார் அதை மறைக்கக்கூட இல்லை.

"நீதாம்மா சரி. ஒன் வாய்க்குப் பயந்தாச்சும் ரிகர்சலுக்கு ஒழுங்கா வருவானுங்க."

அவர் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவர். நாடகம் பார்த்தால் தனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று அவரே சொல்வார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுவார். புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் நடனக் குழுதான். அவர்களுக்கு ஜிமிக்கி, சலங்கை, போய்வரத் தனி வண்டி. நாடகம் என்று ஒன்றை வெளியே அனுப்பியே பல வருடமாகியிருந்தது. அந்த வருடம் திருச்சியில் ஒரு கல்லூரியில் கலைவிழா, நாடகமும் உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. என் பையில் ஒரு நாடகம் எழுதி மடித்து வைத்திருந்தேன்.

நாடகத்தின் கதை எங்கள் மாமா வீட்டுக் கதை. கீரனூரில் அவர் கட்டிய வீட்டில் வாஸ்து பார்க்கிறவர் சொன்னார் என்று வாசலை மாற்றி, பிறகு இன்னொருவர் சொன்னார் என்று மறுபடி மாற்றி, இப்போது அந்த வீட்டுக்குள் அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். வந்த விருந்தாளி முதலில் குழம்பைப் பார்த்துவிடுவார். நான் அதைக் கொஞ்சம் நீட்டினேன். ஒரு அம்மா, வேலை கிடைக்காத ஒரு மகன். வாஸ்துக்காரர் வாசலைக் கிழக்கே வைக்கச் சொல்கிறார். கொத்தனார் வந்து வைக்கிறார். வேலை கிடைக்கவில்லை. வடக்கே வை, மேற்கே வை, தெற்கே வை என்று நான்கு பக்கமும் இடித்து, கடைசியில் சுவரே இல்லாமல் எல்லாரும் மழையில் நிற்கிறார்கள். இருபது நிமிட நாடகம்.

அம்மாவாக நடிக்க ஆவூரிலிருந்து வரும் ஒரு தோழி கிடைத்தாள். கோயில் பாடல் குழுவில் பாடுகிறவள், அதனால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். மேடையில் நகர்த்த ஒரு நிலை வேண்டும், கதவு மாட்டுகிற நிலை. ஆவுடையார்கோவிலிலிருந்து வரும் இயற்பியல் மாணவன் ஒருவன் மூங்கிலிலும் தெர்மாகோலிலும் அதைச் செய்தான். கல்லில் செதுக்கியதைப் பார்த்தே வளர்ந்தவன், தெர்மாகோலைச் சும்மா விடுவானா? யாளி, கொடி, கிளி என்று செதுக்கித் தள்ளிவிட்டான். ஏழை வீட்டு வாசலுக்கு இது எதற்கடா என்று கேட்டேன். "கடன் வாங்கிச் செஞ்சதா இருக்கட்டும்க்கா" என்றான். அவனும் இன்னொருவனும் அதை இருபக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேடை முழுக்க நகர வேண்டும்.

கொத்தனாருக்கு மட்டும் ஆள் அமையவில்லை. அப்போதுதான் அவன் வந்தான். வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஊர் கீரமங்கலம். கறுத்து, ஒல்லியாக, சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, இதுல சேந்தா ஓ.டி. கெடைக்குமாக்கா?"

ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. கல்லூரி வேலையாக இருந்ததால் வகுப்பில் இல்லை என்று எழுதிக்கொடுப்பார்கள், வருகைப் பதிவில் வந்ததாகக் கணக்கு. கலையின் கதவைத் தட்டி ஒருவன் கேட்கிற முதல் கேள்வி இதுவா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது நாடகம்டா, ஓ.டி. விக்கிற கடை இல்ல" என்றேன். "எண்ணெய்ச் செட்டியார் கடையில போய் ஏலக்காய் கேட்டானாம்" என்று ஒரு பழமொழியையும் அங்கேயே சொந்தமாகத் தயாரித்துச் சொன்னேன். அவன் போகவில்லை. சார் பக்கம் பார்த்தான்.

சார் சொன்னார்: "பிரைஸ் வாங்கிட்டு வந்தா ரிகர்சல் நாள் அம்புட்டுக்கும் ஓ.டி. போட்டுத் தரலாம்னு பிரின்சிபால் சொல்லிருக்காரு. வெறுங்கையோட வந்தா வெறுங்கைதான்."

"அப்ப சேந்துக்கிறேன் சார்" என்றான்.

அவனைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவன் கொத்தனார் மாதிரியே இருந்தான். அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலில் மட்டும் என் கோபத்தைக் காட்டினேன். மற்றவர்கள் பெயருக்கு நேரே 'நடிகர்' என்று எழுதியவள், அவன் பெயருக்கு நேரே 'உதவி' என்று எழுதினேன்.

அவனுடைய கதையை ஆவூர்த் தோழிதான் ஒரு நாள் வடை சாப்பிடும்போது கேட்டு வாங்கினாள். அவர்களுக்குப் பூத்தோட்டம். விடியும் முன்னே முல்லை எடுக்க வேண்டும், வெயில் பட்டால் மலர்ந்துவிடும். எடுத்து, கமிஷன் கடையில் போட்டுவிட்டு, அதன்பிறகு பஸ் பிடித்து ஆலங்குடி வழியாக வந்து சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும்.

"மொத ஹவர் போச்சுன்னா அரை நாள் ஆப்சென்ட்டுக்கா. ரெண்டு செமஸ்டரா அப்படியே போய்க்கிட்டு இருக்கு. இந்தத் தடவ ஹெச்.ஓ.டி. பரீட்சை எழுத விடமாட்டேன்னுட்டாரு. எழுதலைன்னா அப்பா காலேஜையே நிப்பாட்டிருவாரு."

"வீட்ல வேற யாரும் பூவெடுக்க இல்லையா?" என்றாள் தோழி.

"அக்கா இருக்கு. பன்னண்டாவதோட நிப்பாட்டிட்டாங்க. என்னயவிட நல்லாப் படிக்கும். ரெண்டு பேர்ல ஒரு ஆளத்தான் அனுப்ப முடியும்னாரு அப்பா. அக்காவே என்னய அனுப்பச் சொல்லிருச்சு."

வடையைப் பிய்த்துக்கொண்டே, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவமாக இருப்பதும் நடிக்கத் தெரிவதும் வேறு வேறு என்று மனதுக்குள் ஒரு அதிகாரி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது வயதில் எனக்கு அப்படி ஒரு மிதப்பு.

ஒத்திகை எங்கள் செமினார் ஹாலில். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக் கத்துவேன். "ரைட்ல போ" என்பேன். எனக்கு ரைட் அவர்களுக்கு லெஃப்ட். நிலை தூக்கியவர்கள் ஒருவன் இங்கிட்டும் ஒருவன் அங்கிட்டும் இழுப்பார்கள், தெர்மாகோல் கிளி மூக்குடைந்து விழும். "ஒன் ரைட் இல்ல, என் ரைட்" என்று கத்தினால் மேலும் மோசம். சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். யாருடைய சோத்தாங்கை என்று கேட்டான் ஒருவன். ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு நாள் கொத்தனார் வாயைத் திறந்தான்.

"அக்கா, இந்த ரைட்டு லெஃப்ட்டெல்லாம் எதுக்குக்கா? கெழக்க, மேக்கன்னு சொல்லுங்க. அது ஆளுக்கு ஆள் மாறாது."

கேட்கவே இதமாக இருந்தது. எங்கள் மேடை வடக்கே பார்த்தது. மேடையில் நிற்பவர்களுக்குச் சோத்தாங்கைப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் சன்னல், சன்னலுக்கு வெளியே வேப்ப மரம். அன்றிலிருந்து எல்லாம் திசைதான். "கெழக்க ரெண்டு அடி", "மேக்க பாத்து அழு" என்று நான் சொல்லச் சொல்ல, எல்லாரும் சொன்ன இடத்துக்குப் போனார்கள். யோசனை சொன்னவனுக்கு நன்றி சொன்னேனா என்றால் இல்லை. என் தொண்டை சரியானது, அவ்வளவுதான்.

ஆனால் அவன் நடிப்பு தேறவில்லை. முதல் காட்சியில் அவனுக்கு ஒரே வசனம்தான் முக்கியம். சன்னல் பக்கம் கையைக் காட்டி, "இந்தா, இதான் கெழக்கு. இங்கிட்டு வைப்பம் நெலைய" என்று சொல்ல வேண்டும். அங்கே நிலையோடு இருவரும் தயாராக நிற்பார்கள். அதை அவன் பஸ் கண்டக்டர் ஊர் பெயர் சொல்வதுபோலச் சொல்வான். "உணர்ச்சி வேணும்டா" என்பேன். "கெழக்கச் சொல்றதுக்கு என்னக்கா உணர்ச்சி?" என்பான். ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "நீ ஓ.டி.க்கு வந்தவன்தானே, ஒனக்கு எப்படி வரும்?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, கொத்தனார் கரண்டியைச் சட்டையில் துடைத்தான். அந்தக் கரண்டி அவனுடைய அக்கா பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கிக்கொடுத்தது.

போட்டி நாளன்று காலையில் திருச்சிக்கு பஸ்ஸில் போனோம். நடனக் குழு தனி வண்டியில் எங்களைத் தாண்டிப் போனது, கையை ஆட்டினார்கள், நாங்களும் ஆட்டினோம். நிலையை பஸ் கூரையில் ஏற்றக் கண்டக்டர் விடவில்லை. "சாமி சமாச்சாரமா?" என்று கேட்டார். ஆவூர்க்காரி தயங்காமல் "ஆமாங்க" என்று சொன்னதும் ஏற்றிக்கொண்டார். கீரனூரில் பஸ் நின்றபோது எங்கள் மாமா தற்செயலாக நிறுத்தத்தில் நின்றார், மேலே இருந்த நிலையைப் பார்த்து, "நல்ல வேலைப்பாடா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். நாங்கள் ஊர் தாண்டும் வரை சிரித்தோம்.

அந்தக் கல்லூரி அரங்கம் எங்கள் ஹாலைப்போல நான்கு மடங்கு. உள்ளே நுழையும் முன் கொத்தனார் மட்டும் வாசலில் நின்று அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் மேடையைப் பார்த்தான். திரும்பவும் வெளியே போய் வந்தான். எனக்கு அப்போது ஆயிரம் வேலை. நிலையில் ஒரு யாளி கழன்றிருந்தது, வாஸ்துக்காரனாக நடிப்பவனுக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது, எங்கள் வரிசை எண்ணை மாற்றிவிட்டார்கள். அவன் என் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, இங்க கெழக்கு மாறுதுக்கா. மேடை தெக்க பாத்து இருக்கு."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய் வேசத்தப் போடு."

நன்றாகப் பொருத்தமாக விழுந்த பழமொழி என்று அந்த அவசரத்திலும் எனக்கு ஒரு திருப்தி. அவன் போய்விட்டான்.

நாடகம் தொடங்கியது. நான் திரைக்குப் பக்கத்தில் பிரதியோடு நின்றேன். ஆவூர்க்காரி முதல் வரி பேசியதுமே அரங்கம் அடங்கியது. வாஸ்துக்காரன் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினாலும் நன்றாகவே பேசினான். நிலை தூக்கியவர்கள் எப்போதும்போலச் சோத்தாங்கைப் பக்கம் போய்த் தயாராக நின்றார்கள். கொத்தனார் வந்தான். மேடை நடுவே நின்றான். கையைத் தூக்கி, யாருமே இல்லாத எதிர்ப்பக்கத்தைக் காட்டினான்.

"இந்தா, இதான் கெழக்கு. இங்கிட்டு வைப்பம் நெலைய."

நிலை தூக்கியவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், அவன் அவர்களைப் பார்க்கிறான். நான் இந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கையால் அடித்துக்கொள்கிறேன். அவன் என்னைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையாட்டுகிறான். அவனைப் பொறுத்தவரை நாங்கள் எல்லாரும் தவறான இடத்தில் நிற்கிறோம், அவன் ஒருவன்தான் சரி. அந்த ஓட்டை நிமிடத்தை ஆவூர்க்காரிதான் அடைத்தாள். இடுப்பில் கையை வைத்து, அம்மா குரலிலேயே கேட்டாள்.

"ஏய்யா கொத்தனாரே, நெலை அங்கிட்டு நிக்கிது, நீ கைய இங்கிட்டு நீட்டுற?"

இதற்கு என் பிரதியில் பதில் இல்லை. அவனே சொன்னான், அதே கண்டக்டர் குரலில்.

"நெலை எங்கிட்டு வேணா நிக்கட்டும் ஆத்தா. கெழக்கு இங்கிட்டுத்தான் இருக்கு."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. விசில் வந்தது. அதன்பிறகு அந்த நாடகம் நான் எழுதிய நாடகம் இல்லை. வாஸ்துக்காரன் ஒவ்வொரு முறை திசை சொல்லும்போதும் கொத்தனார் மரியாதையாக, "அது தெக்குங்க", "அது மேக்குங்க" என்று திருத்தினான். நிலையைத் தூக்கிக்கொண்டு இருவரும் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினார்கள். கிளி ஒன்று பறந்துபோய் முதல் வரிசையில் விழுந்தது. கடைசியில் மழையில் எல்லாரும் நிற்கும்போது, வேலை கிடைக்காத மகன் அழுகிற இடத்தில், கொத்தனார் அவன் தோளைத் தொட்டு, "விடியட்டும் தம்பி, தானா தெரியும் எது கெழக்குன்னு" என்றான். அதுவும் பிரதியில் இல்லை. நான் பிரதியை மடக்கி வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். எங்களை மேடையிலேயே வரிசையாக உட்காரவைத்தார்கள். நடுவில் இருந்த நடுவர் நரைத்த தாடி, செந்தமிழ். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் பேசுவார், பாராட்டும்போதும்.

"அந்தக் கொத்தனார் காட்டிய திசையில்தான் இந்த நாடகமே நிற்கிறது. இந்தத் திசைப் பிறழ்வுக்குப் பொறுப்பு யார்?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அதை வேண்டுமென்று செய்தது என்று நினைக்கிறார். ஒரே ஒரு பொய். சொன்னால் பரிசு, பரிசு வந்தால் ஓ.டி., ஓ.டி. வந்தால் அவனுக்குப் பரீட்சை. அந்தக் கணம் நான் அவனுக்காகத்தான் சொன்னேன் என்று இன்றும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. கொஞ்சம் எனக்காகவும்தான். எழுந்து நின்று மைக்கை வாங்கி, "நான்தாங்க ஐயா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் அவன் எழுந்துவிட்டான். மைக்கைக் கேட்கவில்லை. முகத்தில் பூசிய சுண்ணாம்பு வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா மேல தப்பு இல்லைங்க. அவங்க எழுதுனது வேற. நாந்தாங்க மாத்திக் காட்டிட்டேன். எங்க காலேஜுல மேடை வடக்க பாத்து இருக்குங்க, இங்க தெக்க பாத்து இருக்கு. ஆனா நெசமாவே கெழக்கு அதுதாங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். அரங்கம் சிரிப்பதா கைதட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது. எனக்கு மட்டும் காதுமடல் சுட்டது. உட்காரும்போது மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்தியது.

அரங்கத்துக்குப் பின்னால் குழாயடியில் எல்லாரும் முகம் கழுவினார்கள். நான் நேரே அவனிடம் போனேன்.

"ஏன்டா எந்திரிச்ச? நாந்தான் சொல்லிட்டேன்ல?"

"அதான்க்கா எந்திரிச்சேன்."

"என்னது?"

"யாரு பொறுப்புன்னு கேட்டாரு. நீங்க நாந்தான்னு ஏத்துக்கிட்டீங்க. தப்பு என்னோடதுதானக்கா."

"மக்கு. அவரு பாராட்டுனாருடா. பிறழ்வுன்னா மாத்தி வச்சதுன்னு அர்த்தம். வேணும்னே வச்சதுன்னு நெனச்சாரு."

அவன் கையில் தண்ணீரை ஏந்தியபடியே நின்றான். தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகி முடியும் வரை யோசித்தான்.

"அப்ப நான் எந்திரிச்சதுல பிரைஸு போயிருமாக்கா?"

"போயிரும்."

"பரீட்சையும்."

"ஆமா."

அவன் முகத்தைக் கழுவினான். சுண்ணாம்பு போகவில்லை, இன்னொரு முறை கழுவினான். பிறகு சொன்னான்.

"போனாப் போகுதுக்கா. அத்தன பேரு முன்னாடி ஒங்களத் திட்டுறாருன்னு நெனச்சேன். நான் எப்படிக்கா ஒக்காந்திருக்கிறது?"

எனக்கு ஒரு பழமொழியும் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அவனைத் தலைகுனிய வைத்தவள் நான். ஓ.டி.க்கு வந்தவன் என்று சொன்னவள் நான். காலையில் என் பின்னாலேயே வந்து கிழக்கு மாறுகிறது என்று அவன் சொன்னதும் என்னிடம்தான். வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது.

"காலைலயே நீ சொன்னடா. நாந்தான் கேக்கல."

"நீங்க வேலையா இருந்தீங்கள்லக்கா" என்றான், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

"கூடம் நெசமாவே கோணல்தான்டா" என்றேன். அவன் சிரித்தான். நான்தான் கொஞ்சம் அழுதேன். ஆவூர்க்காரி வந்து, மேக்கப் கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாலையில் முடிவு சொன்னார்கள். நாடகத்தில் முதல் பரிசு எங்களுக்கு இல்லை. இரண்டாவது இல்லை, மூன்றாவது இல்லை. எங்கள் சார் நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். கொத்தனார் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தாடிக்காரர் மைக்குக்கு வந்தார். சிறந்த நடிகர் என்று ஒரு தனிப்பரிசு உண்டு என்றார். ஒரு திசையை விட்டுக்கொடுக்காத கொத்தனாருக்கு என்றார்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"போடா."

"நான் நடிக்கலையேக்கா."

"அத அவங்க பாத்துக்குவாங்க. போ."

"பொய்யில்லையாக்கா அது?"

முதுகில் ஒன்று வைத்தேன். அதன்பிறகுதான் போனான்.

அடுத்த நாள் சார், பிரின்சிபால் ஓ.டி.க்குப் போட்டிருந்த விதியை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பரிசு வாங்கியவருக்கு ஓ.டி. உண்டு. குழு பரிசு வாங்கவில்லை, அவன் வாங்கியிருக்கிறான். ஆக, கலைக்காக வந்த எங்கள் ஒருவருக்கும் ஓ.டி. இல்லை, ஓ.டி.க்காக வந்தவனுக்கு மட்டும் ஓ.டி. நிலை தூக்கிய இருவரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. புதிதாக ஒரு படிவம் எழுத வேண்டியிருந்தது. அவன் பெயருக்கு நேரே நானே என் கையால் 'நடிகர்' என்று எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அவனோடு நானும் வரலாற்றுத் துறைக்குப் போனேன். துறைத் தலைவர் படிவத்தையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிறந்த நடிகர். நீயா?"

"ஆமாங்க சார்."

"அப்படி என்னத்த நடிச்ச?"

நான் அவன் காலை மிதிப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"நடிக்கலைங்க சார். கெழக்கக் கெழக்குன்னு சொன்னேன். குடுத்துட்டாங்க."

நான் சன்னலைப் பார்த்தேன். இவனைக் கட்டி மேய்க்க முடியாது என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளையிலிருந்து மொத ஹவருக்கு வரப் பாரு" என்றார். "பாக்குறேங்க சார்" என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை, அது பொய்யாகிவிடும்.

பரீட்சை தொடங்கிய நாள் எனக்கும் பரீட்சைதான். அறை எண் பலகை முன்னால் கூட்டத்தில் நின்றேன். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். பிரித்தேன். நெருக்கமாகக் கட்டிய முல்லைச் சரம், இன்னும் மொட்டாக.

"அக்கா குடுத்துவிட்டுச்சு. இன்னைக்கு அதுவே தனியா அம்புட்டையும் எடுத்துக்கிருச்சு. என்னய மொத பஸ்ஸுக்கே பத்திவிட்டுருச்சு."

"நாடகத்தப் பத்திச் சொன்னியா?"

"எல்லாம் சொன்னேன். சர்டிபிகேட்டக் காட்டுனேன். தடவித் தடவிப் பாத்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு."

"என்ன?"

"'கெழக்கச் சரியாத்தான காட்டுன?'ன்னுச்சு."

மணி அடித்தது. அவன் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினான். கீரமங்கலத்துப் பூத்தோட்டத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவராக இருந்திருப்பார். தம்பி நுழைந்த அந்தக் கல்லூரி வாசலுக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டியவர் அவர். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு என் அறையைத் தேடிப் போனேன்.